“நல்லாத்தான் இருக்கேன்”: அக்காவும் தம்பியும் ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள்

பிரஷர் கருவி 182க்கு 104 என்று காட்டிய நேரத்தில் பெரியம்மா வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே, எனக்குப் பிளேண்டித் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசினால் கணக்குக் கூடிப்போகும், கொஞ்சம் சும்மா இருங்க என்று கெஞ்சி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தேன். 178க்கு 102. சரி, எழுதிக்கொண்டேன். படிவத்தில் அடுத்த கேள்வி: “பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?” பதிலுக்கு ஐந்து பெட்டிகள். மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.

“எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன். நேத்துகூட மலைக்குப் போய்ட்டுத்தானே வந்தேன்.”

“நன்று” பெட்டியில் புள்ளடி போட்டேன். அது 2023 பெப்ரவரி. இரண்டு நாள் கழித்து, இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் அவருடைய கூடப்பிறந்த தம்பியின் வீட்டில் அதே படிவம், அதே கருவி. தம்பி ஓய்வுபெற்ற ஆசிரியர். பிரஷர் 128க்கு 80. பத்து வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு நோய்) இருந்தாலும் அன்று காலை வெறும் வயிற்றில் பார்த்த அளவு 118தான். கேள்வியை நான் முழுசாக வாசித்து முடிக்கவில்லை. “மோசம் என்று போடுங்கள்” என்றார்.

முதியோருக்கான சிறிய சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் ஒன்றில் கள உதவியாளராக வேலை செய்தபோது சந்தித்தவர்கள் இவர்கள். பதினாறு மாதத்தில் மூன்று தடவை இருவரையும் பார்த்தேன். எழுதிக்கொள்ள இருவரும் சம்மதித்தார்கள். தோட்டத்தின் பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அக்காவைப் பெரியம்மா என்றும் தம்பியை மாஸ்டர் என்றும் எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒரே காம்பரா, இரண்டு பாதை

டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். பெரியம்மா 1957, மாஸ்டர் 1960. ஒரே தாய் தகப்பன், ஒரே ரொட்டி, ஒரே குளிர். பிள்ளைப் பருவம் ஒன்றாக இருந்து படிப்பு மட்டும் பிரிந்துபோன இப்படியொரு ஜோடி, ஒருவர் தன் உடல்நலத்தைத் தானே மதிப்பிடுவதைப் படிப்பு எப்படி மாற்றுகிறது என்பதில் அக்கறையுள்ள யாருக்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். படிப்பு சும்மா பிரியவில்லை. ஒருத்தி பெண் பிள்ளை, மற்றவர் ஆண் பிள்ளை. அதனால் பிரிந்தது. ஆகவே கீழே நான் “படிப்பு” என்று எழுதும் இடங்களில் எல்லாம் அதற்குள் ஆண், பெண் வித்தியாசமும் சேர்ந்தே இருக்கிறது. பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்துவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதோ 1970களில்தான். பெரியம்மா படித்தது ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்போடு நின்றார். அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே. அந்தக் கைப்பிள்ளை மாஸ்டர் இல்லை, அவருக்கும் இளைய தங்கை ஒருத்தி. மாஸ்டர் அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார். அப்புறம் டவுன் பள்ளிக்கூடம், உயர்தரம், 1980களில் ஆசிரியர் நியமனம், 2020இல் ஓய்வு, மாதா மாதம் பென்ஷன்.

பெரியம்மா பதினைந்து வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து. சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த வருடமே மகளின் கல்யாணத்தோடு போய்விட்டது. நான் முதலில் பார்த்தபோதும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில் 1974 இருக்கிறது. அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம். மாஸ்டர் அதைப் பற்றிப் பேசும்போது அரசியல் பேசுவார், மலையகத் தமிழரிடமிருந்து 1948இல் பறித்த பிரஜாவுரிமையில் தொடங்குவார். பெரியம்மா சொன்னது வேறு. “தங்கச்சிய நான்தான் இடுப்புல வச்சிருந்தேன். கனமே இல்ல தம்பி, பஞ்சு மாதிரி.” அவ்வளவுதான் சொன்னார். தங்கை அந்த வருடம் இறந்துபோனாள். இதை நான் கேட்டு அவர் சொல்லவில்லை. முழங்கால் வலி இருக்கிறதா என்று கேட்டேன், அதற்குப் பதிலாக வந்தது: “எழுபத்தி நாலுல பாத்ததுக்கு இதெல்லாம் ஒரு வருத்தமா?”

பரவாயில்ல

ஐந்து பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தக் கேள்வி உலகம் பூராவும் கேட்கப்படுவது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் முதியவர்களை 1971இலிருந்து பின்தொடர்ந்த மொஸ்ஸியும் ஷப்பிரோவும் 1982இல் ஒன்றைக் காட்டினார்கள்: தன் நலம் மோசம் என்று சொன்னவர்கள், மிக நன்று என்று சொன்னவர்களைவிட அடுத்த சில வருடங்களில் இறக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மருத்துவப் பதிவுகளில் உள்ள நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் வந்தது. 1997இல் இட்லரும் பென்யமினியும் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் அதே கதை. ஒரு வரிக் கேள்விக்கு இவ்வளவு மரியாதை வந்தது இப்படித்தான்.

ஆனால் கேள்வி தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து லயத்துக்கு இறங்கும்போது என்ன ஆகிறது? அந்த லயத்தில் யாரும் “மிக நன்று” சொல்லவில்லை. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். அதிகமாகக் கேட்ட பதில் “பரவாயில்ல”. இந்தச் சொல்லை எந்தப் பெட்டியில் போடுவது? குரலைத் தூக்கிச் சொன்னால் நன்று, இழுத்துச் சொன்னால் மோசம், தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொன்னால் “இதைப் பற்றி உன்னோடு பேச விருப்பமில்லை” என்று அர்த்தம். “ஏதோ ஓடுது” என்றார் ஒருவர். “இருக்கேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார் இன்னொருவர். அதையும் எதிலோ போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டேன்.

இன்னொரு பிழை எங்கள் படிவத்திலேயே இருந்தது. இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கையில் பட்டி கட்டி, ஊதி, எண்ணைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டால் ஆள் தன் உடம்பைப் பற்றிச் சொல்கிறாரா, கருவியைப் பற்றிச் சொல்கிறாரா என்று தெரியாது. மாஸ்டர் விஷயத்தில் இது ஓரளவு நடந்திருக்கலாம். பெரியம்மா விஷயத்தில் நடக்கவே இல்லை. அந்த எண் அவரைத் தொடவில்லை.

பேர் விழுந்தால் சுகம்

தோட்டத்தில் “பேர்” என்பது ஒரு நாள் சம்பளம். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன கிலோ எடுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். பெரியம்மாவின் உடல்நலம் நாற்பது வருடமாக அளக்கப்பட்டது இதில்தான். தலையில் கயிறு, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, அன்றைக்குப் பேர் விழுந்ததா? விழுந்தால் சுகம். காய்ச்சலோடு போய் எடுத்த நாட்களையும் அவர் சுகமான நாட்களில்தான் சேர்க்கிறார். நான் வாதாடிப் பார்த்தேன். “காய்ச்சல் இருந்திச்சு, ஆனா வருத்தமில்ல” என்றார். அவர் அகராதியில் இரண்டும் வேறு.

இதை அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். நானே முதல் அறிக்கையில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினேன். இப்போது படிக்க வெட்கமாக இருக்கிறது. வருத்தம் என்று வாயால் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைய கூலி போகும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மகள் லீவு கேட்டு வர வேண்டும். த்ரீவீலுக்குக் காசு, ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள். இத்தனையும் கூட்டிப் பார்த்து, வேண்டாம் என்று வைத்த சொல் அது.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தா பக்கம் சிங்கூரில் எடுத்த கணக்கு ஒன்றை அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை அல்லது அவ்வளவு நன்றாக இல்லை என்றார்கள். விதவைகளில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். விதவைகள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் எடுக்க முடியுமா? அதே சென் 2002இல் இன்னொன்றையும் காட்டினார்: ஆயுளும் எழுத்தறிவும் மிகுந்த கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், இரண்டும் குறைந்த பீகாரில் குறைவு. அமெரிக்காவில் கேரளத்தையும்விட அதிகம்.

சிங்கூர் விதவைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு பஞ்சு மாதிரி இருந்த அந்தத் தங்கச்சிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

மாஸ்டரின் கொப்பி

மாஸ்டரிடம் மூன்று கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று கிளினிக் கொப்பி. ஒன்றில் சீனி, பிரஷர் அளவுகள், சிவப்பு மையிலும் நீல மையிலும். மூன்றாவதில், சந்தேகங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று தலைப்புப் போட்டு எண் வரிசையில். “கால் விரலில் எறும்பு ஊருவது போல், இடது, இரவு 2 மணி.” பேரப்பிள்ளைகள் அனுப்பும் வாட்ஸ்அப் மருத்துவக் குறிப்புகளும் அதில் ஒட்டப்பட்டிருந்தன. வெந்தயம், கறுவா, இன்னும் என்னென்னவோ.

சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் கொப்பிகளால்தான் அவருடைய சர்க்கரை 118இல் நிற்கிறது. குளிசை உறையில் சிங்களத்தில் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியும். கிளினிக் திகதி தவறியதே இல்லை. கால் மரத்துப்போவதை முதல் மாதத்திலேயே சொன்னார், கண்ணைச் சோதித்துக்கொண்டார். படிப்பு அவர் உடம்பை உண்மையாகவே காப்பாற்றியிருக்கிறது. அதே படிப்பு, காப்பாற்ற வேண்டியவை எத்தனை என்ற பட்டியலையும் கையில் கொடுத்துவிட்டது.

பல நாட்டு ஆய்வுகளில் படித்தவர்கள்தான் தங்கள் நலம் நன்று என்று அதிகம் சொல்கிறார்கள். எனது ஜோடி அதற்கு நேர்மாறு. ஆகவே இந்த இருவரை வைத்துப் பொதுவிதி எதுவும் எழுதக்கூடாது. எனக்குத் தோன்றுவது இது: படிப்பு ஒரு பக்கம் உடம்பை உயர்த்துகிறது, மறுபக்கம் அளவுகோலையும் உயர்த்துகிறது. எது அதிகம் உயர்ந்ததோ அதற்கேற்ப பதில் வருகிறது. மாஸ்டர் வீட்டில் அளவுகோல் ஒரு சாண் கூடுதலாக ஏறிவிட்டது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கற்பனை ஆள் ஒருவரைச் சொல்லி அவருக்குப் புள்ளி போடச் சொல்வது. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய கணக்கெடுப்புகளிலும் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நானும் ஒன்றைச் சொன்னேன்: ஓர் அம்மா, வயது 65. படியேறினால் முழங்கால் வலிக்கும். இரவில் இரண்டு தடவை விழிப்பு வரும். வீட்டு வேலையெல்லாம் செய்கிறார். இவர் நலம் எப்படி?

பெரியம்மா: “அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா. ராத்திரி ரெண்டு தடவதானே.”

மாஸ்டர்: “மோசம். சீனி பார்த்தார்களா?”

ஒரே கற்பனைப் பெண். இரண்டு பெட்டி இடைவெளி. அந்த இடைவெளியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெப்ரவரியில் போட்ட இரண்டு புள்ளடிகளும் ஒரே பெட்டிக்கு வந்துவிடும்.

வயது செய்யும் வேலை

“உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால்?” என்ற துணைக் கேள்வியைப் படிவத்தில் பலர் அவசரத்தில் தாண்டிவிடுவார்கள். அதில்தான் பெரியம்மா அதிக நேரம் பேசினார். தன்னோடு பேர் பதிந்த பெண்களை விரல் மடித்து எண்ணினார். ஆறு பேர். ஒருத்தி பிள்ளைப்பேற்றில், ஒருத்தி மண்சரிவில், இரண்டு பேர் “பிரஷர்ல”. ஒருத்தி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவள், அப்புறம் தகவல் இல்லை. மிச்சம் ஒருத்தி படுக்கையில். “அப்ப யாரு நல்லா இருக்கா? நான்தான்.” இதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

மாஸ்டர் ஒப்பிட்டது தன்னோடு. மாணவர்களைச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிக்கொண்டு ஏறிய மாஸ்டரோடு. அப்புறம் கனடாவில் மகனோடு இருக்கும் பழைய சக ஆசிரியரோடு, அவர் காலையில் ஓடுவதைப் படமெடுத்து அனுப்புகிறாராம்.

வயது கூடக் கூட நோய்கள் எண்ணிக்கையில் ஏறுகின்றன, ஆனால் மக்கள் தங்களுக்குப் போடும் புள்ளி அதே வேகத்தில் இறங்குவதில்லை. சுற்றியிருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் கோலும் கூடவே இறங்குகிறது. பென்ஷன் எடுத்து டவுனில் இருப்பவருக்கு ஒப்பிடும் ஆட்கள் தொலைபேசிக்குள் இருக்கிறார்கள். அவர்கள் மூப்படைவதே இல்லை போலிருக்கிறது.

கொய்யா மரம்

இனி என் தவறு. பெப்ரவரியில் பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு கொடுத்தேன். அவர் போகவில்லை. மறுபடி போன் பண்ணி, வேன் ஏற்பாடு செய்து கூட்டிப்போக வேண்டியவர்களின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். இடம் பதினைந்து பேருக்குத்தான். சுயமதிப்பீட்டை வைத்து வரிசைப்படுத்தினேன், மோசம் என்றவர்கள் மேலே. மாஸ்டர் மூன்றாவது. பெரியம்மா இருபத்தாறாவது. மாஸ்டருக்கு அந்த வேனே தேவைப்படவில்லை, அவர் ஏற்கனவே கிளினிக் போய்க்கொண்டிருந்தவர்.

2023 ஒக்டோபரில் இரண்டாம் தடவை போனேன். இந்த முறை பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. “பரவாயில்ல” என்றார், இழுத்து. அப்புறம், “என்னமோ தம்பி, முன்ன மாதிரி இல்ல.” சுமார் என்று போட்டேன். ஒரு படி இறக்கம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து லயத்துக்கு 46 படி. பெப்ரவரியில் தண்ணீர்க் குடத்தோடு ஒரே மூச்சில் ஏறியவர் இப்போது பாதி வழியில், கொய்யா மரத்தடியில் நின்றார். மரத்தைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குக் காய் பார்ப்பது போல் மேலே பார்த்தார். மரத்தில் காய் இல்லை. ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறேன், அதுதான் சொகமா இருக்கு என்றும் சொன்னார். நான் அதை “வேறு குறிப்புகள்” என்ற இடத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

படுத்தால் மூச்சு முட்டுவது இருதயம் களைத்துப்போனதன் அடையாளம் என்று எந்த மருத்துவத் தாதியும் சொல்வார். மூன்று கிழமை கழித்து, கால் வீங்கிச் செருப்பு ஏறாமல், பேச மூச்சில்லாமல், பக்கத்துக் காம்பராப் பையன் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனான். ஒன்பது நாள் வார்டில். வருடக்கணக்கான பிரஷர் இருதயத்தைத் தளரவிட்டிருந்தது.

டௌடும் சஜகோவாவும் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2007இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு: இந்தச் சுயமதிப்பீடு மரணத்தை முன்கூட்டிச் சொல்லும் சக்தி, படிப்பு அதிகம் உள்ளவர்களிடம் கூடுதல், குறைந்தவர்களிடம் குறைவு. பெரியம்மாவின் முதல் பதிலுக்கு அது பொருந்துகிறது. இரண்டாம் பதிலுக்குப் பொருந்தவில்லை. “முன்ன மாதிரி இல்ல” என்பது அவருடைய சொந்தக் கோலால் அளந்து அவரே சொன்னது, நாற்பது வருடத்தில் முதல் தடவை. எந்தப் பெட்டி என்று பார்த்தேனே தவிர, எங்கிருந்து எங்கே இறங்கினார் என்று பார்க்கவில்லை. இப்போது நான் போகும் வீடுகளில் முதலில் கேட்பது, பீலிப் படியில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான். யாருக்கும் பதில் சொல்லக் கஷ்டமில்லை. அதை எந்தப் பெட்டிக்குள்ளும் திணிக்கவும் வேண்டாம்.

மூன்றாம் தடவை

2024 ஜூன். மாஸ்டரும் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய சீனி, பிரஷர் எதிலும் மாற்றமில்லை, ஆனால் பதில் “சுமார்” ஆகியிருந்தது. வார்டில் ஒன்பது நாளும் அக்காவின் கட்டிலடியில் இருந்தவர். கனடா நண்பரைப் பற்றி இந்த முறை பேசவில்லை.

பெரியம்மாவின் குளிசைப் பைகளில் மாஸ்டர் படம் வரைந்து கொடுத்திருந்தார். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. மூத்திரம் போக வைக்கும் குளிசைக்கு ஒரு குடம். டவுனுக்குப் பஸ்ஸில் போகும் நாளில் மட்டும் அந்தக் குடத்தைப் போடுவதில்லை என்று என் காதில் சொன்னார், வழியில் எங்கே இறங்குவது? தம்பியிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னார். கருவாட்டை விட்டுவிட்டாராம். முகம் தெளிந்திருந்தது. பிரஷர் எடுப்பதற்கு முன்னாலேயே இந்த முறை கேள்வியைக் கேட்டேன்.

உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “அதுல எழுதியிருக்கும் பாரு.”

“நீங்க சொல்லுங்க பெரியம்மா. அஞ்சுல எது?”

“நான் இப்ப வருத்தக்காரி தம்பி. மோசம்னு போடு.”

பட்டியைக் கட்டி ஊதினேன். 136க்கு 84. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அக்கா, எவ்வளவு நல்லா இருக்கு இப்ப!” என்றார்.

“நீதானடா சொன்ன, இது சாகுற வரைக்கும் குளிசை போடுற வருத்தம்னு.”

மாஸ்டர் பேசவில்லை. “மோசம்” பெட்டியில் புள்ளடி போட்டேன். பிளேண்டி குடித்துவிட்டு மூவரும் பீலிப் பக்கம் இறங்கினோம். திரும்பி ஏறும்போது நான் கொய்யா மரத்தடியில் நின்றேன், மாஸ்டரும் நின்றார். பெரியம்மா நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தார்.